மூன்று பேர் சேர்ந்தால் கூட்டம்

அத்தியாயம் பதினான்கு

நாய் இல்லாமல் நூற்றெண்பது மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதென்றால் ஆளுக்கு நல்ல இடுப்பு வேண்டும். பெல்மீரோவிடம் அது இல்லை. சிமெண்டுத் தரையில் நின்று நின்று பால் கறந்ததில் இடது இடுப்பு தேய்ந்துபோய்விட்டது.

நாய் பிமென்டா இருந்தவரை அவர் நடக்கவே வேண்டியதில்லை. வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கையைக் காட்டுவார். நாய் சுற்றி வளைத்துப் போய், பின்தங்கின மாட்டின் குதிகாலில் லேசாக ஒரு பல் வைக்கும். மாடு ஓடும். பூர்வீகத் தீவுகளை விட்டு இந்த நாட்டுக்குக் கப்பலேறின காலத்திலிருந்து பெல்மீரோவின் போர்பா குடும்பத்தில் இந்த ஜாதி நாய்தான். குதிகாலுக்கு மேலே கடிக்கத் தெரியாது. குதிகாலைக் கடிக்காமல் இருக்கவும் தெரியாது.

அந்தப் பிமென்டா இப்போது மாவட்டக் கூண்டில் இருந்தது.

எல்லாம் மகள் டுல்சேவின் நிச்சய விருந்தில் நடந்தது. மாப்பிள்ளை டர்க்கின் அம்மா கோர்னீலியா, டச்சுக்காரி, ஐந்நூறு மாட்டுப் பண்ணைக்குச் சொந்தக்காரி, சாப்பாட்டுக்கு நடுவே, "கல்யாணத்துக்கப்புறம் பிள்ளைங்க என் வீட்டு மாடியில இருக்கட்டும்" என்றாள். டுல்சேவின் அம்மா இடலீனா, "மாடியில வெச்சுக்க என் பொண்ணு என்ன புறாவா?" என்றாள். கோர்னீலியா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பழைய பால் கொட்டகை நிழலில் நிறுத்தியிருந்த தன் வண்டியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். பாதி வழியில் பிமென்டா பின்னால் போய்க் குதிகாலைப் பிடித்தது.

இரண்டு தையல். தையல் போட்ட டாக்டர் சட்டப்படி மாவட்டத்துக்குத் தகவல் சொன்னார். வேன் வந்தது. பிமென்டா, ஏதோ மாடு ஓட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, தானே தாவி ஏறியது.

இதை விசாரிக்க வேண்டியது மாவட்டப் பிராணி நல ஆலோசனைக் குழு. ஐந்து பேர். தலைவி கோர்னீலியா. பண்ணை வேலைக்காரர்கள் சார்பில் உறுப்பினர் இடலீனா.

கடி வாங்கினவளும் குழுவில், கடித்த நாயின் வீட்டுக்காரியும் குழுவில். இந்த வழக்கு வரும்போது இரண்டு பேரும் எழுந்துவிட வேண்டும். மீதி மூன்று பேர். அந்த மூன்று பேரும் வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். "ஆபத்தான நாய்" என்று அவர்கள் சொல்லிவிட்டால் பிமென்டாவுக்கு ஆயுசுக்கும் வாய்ப்பூட்டும் சங்கிலியும். பிறகு அது மாட்டு நாய் இல்லை, வாசலில் கட்டிவைத்த மூட்டை.

"இன்னைக்கு சாயங்காலம் முடிஞ்சிடும்" என்றாள் இடலீனா, மாதா கோவிலுக்குப் போகிற நீலக் கவுனை மாட்டிக்கொண்டே. "நாய் வந்துடும்."

"வராட்டி?" பெல்மீரோ பேசும்போது புதுப் பல்செட்டு கிளிக் கிளிக்கென்று தாளம் போட்டது. "இந்த இடுப்போட நான் தாங்க மாட்டேன் புள்ள. வேலையை விட்டுடுவேன்."

"விட்டுட்டு?"

"உன்கூட வீட்லயே உக்காந்திருப்பேன்."

"அப்ப நாய் வந்தே ஆகணும்" என்றாள் இடலீனா.

டுல்சேதான் அம்மாவைக் காரில் குழு அலுவலகத்தில் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் பாதாம் அறுவடைத் தூசி. டுல்சே நகத்தைக் கடித்துக்கொண்டே ஓட்டினாள்.

"நீயும் ரெண்டு வார்த்தை பேசுடி. ஆளுக்கு மூணு நிமிஷம் குடுப்பாங்க. குட்டியிலிருந்து வளத்தவ நீதானே" என்றாள் இடலீனா.

"நான் என்னத்தம்மா பேசுறது?" என்றாள் டுல்சே, ஸ்டியரிங்கைப் பார்த்து. "டர்க்கைக் கூட்டிட்டு ஆறு மணிக்கு வர்றேன்."

குழுவின் எழுத்தர் மேபல் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் வீடு எரிந்துவிட்டது போல இருந்தது.

"டாக்டர் பெய்ன்ஸ் வரலையாம்."

இடலீனா படியேற எடுத்த காலைக் கீழே வைத்தாள். மாட்டு டாக்டர் பெய்ன்ஸ்தான் மீதி மூன்று பேரில் ஒருத்தி. "ஏன்?"

"உங்க வீட்டுக்காரர் வேலை பாக்குற பண்ணையிலதான் இருக்காங்க. தலைச்சன் கிடாரி. கன்னுக்குட்டி கால் மடங்கி மாட்டிக்கிச்சாம். எப்ப வெளிய வரும்னு தெரியாதாம்."

"டாக்டர் இல்லாட்டி?"

"மிச்சம் க்ளைட்டும் ரோசால்பாவும். ரெண்டு பேரை வெச்சு நாய்க் கேஸை எடுக்க முடியாது. அடுத்த மாசத்துக்குப் போயிடும். அதுவரைக்கும் நாய் கூண்டுல."

உள்ளேயிருந்து நொண்டிக்கொண்டே வந்தாள் கோர்னீலியா. வெள்ளைக் கால்சட்டை, ஒரு காலில் ஷூ, ஒரு காலில் கட்டும் செருப்பும்.

"அடுத்த மாசமா? நடுவுல கல்யாணம் இருக்கு. மாதா கோவில் வாசல்ல நின்னு ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் என் காலைப் பாப்பான், அப்புறம் பொண்ணு வீட்டுக்காரங்க மூஞ்சியைப் பாப்பான். இன்னைக்கே முடியணும்." வண்டிச் சாவியை எடுத்தாள். "நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"நானும் வர்றேன்" என்றாள் இடலீனா.

மேபல் கையை விரித்து வழியை மறித்தாள். "போங்க, வேண்டாங்கலை. ரெண்டு பேர் பேசிக்கிட்டா அது பேச்சு. அங்க டாக்டரோட சேந்தா மூணு. அஞ்சு பேர்ல மூணு பேர் நின்னு நாயைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாலும் அது கூட்டம். கூட்டம்னா முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டணும், ஊர்க்காரங்களுக்கு நாற்காலி போடணும்."

"மாட்டுத் தொழுவத்துலயா?"

"அதனாலதான் சொல்றேன், வாயைத் திறக்காதீங்க. போன வருஷம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. போன வருஷம் மளிகைக் கடையில் பாலாடைக்கட்டி வாங்க நின்ற வரிசையில் குழுவினர் மூன்று பேர் தற்செயலாகச் சேர்ந்துவிட்டார்கள். க்ளைட் பூனைப் பொறியைப் பற்றி ஏதோ சொன்னார். பின்னால் நின்ற ஒருத்தி புகார் கொடுத்தாள். ஒரு வருஷம் பாடுபட்டுப் போட்ட பூனைப் பொறித் தீர்மானம் செல்லாமல் போயிற்று. ஊரில் பூனை இன்னும் பெருகிக்கொண்டே இருக்கிறது.

கோர்னீலியாவின் வண்டி உள்ளே மருத்துவமனை மாதிரி சுத்தமாக இருந்தது.

"எதையும் தொடாதீங்க" என்றாள்.

"ஏன், நாய் முடி ஒட்டிக்குமா?"

வண்டி கிளம்பியது. இரண்டு பேர்தான் இருந்தார்கள், சட்டத்தில் தடையில்லை. ஆகவே ஆரம்பித்தார்கள்.

"ரெண்டு தையல், சம்பந்தியம்மா. ரெண்டே ரெண்டு. எனக்குப் பிரசவத்துல அதைவிட அதிகம் போட்டாங்க. நான் யார் மேலயும் புகார் குடுக்கலை."

"நானும் குடுக்கலை. டாக்டர் குடுத்தாரு. அது சட்டம்."

"தலைவியா இருக்கீங்க. ஒரு ஃபோன் போட்டிருந்தா விட்டிருப்பாங்க."

"தலைவியா இருக்கறதாலதான் போடலை. சேவல் கேஸ்ல என் கூடப் பொறந்த தம்பிக்கே நான் விட்டுக்குடுக்கலை."

"அதான் உங்க தம்பி உங்ககூடப் பேசறதில்லை."

"நிம்மதியா இருக்கேன்" என்றாள் கோர்னீலியா. "என் வீட்லயும் நாய் இருக்கு. உக்காருன்னா உக்காரும்."

"உக்காருற நாயை வெச்சுக்கிட்டு மாட்டுப் பண்ணையில என்ன பண்றது? ஃபோட்டோ எடுத்துச் செவுத்துல மாட்டலாம்."

"உங்க நாய் காரணமே இல்லாமக் கடிச்சுது!"

"அது காரணமில்லாம எதுவும் பண்ணாது!"

"அப்ப என்ன காரணம்? சொல்லுங்க பாப்போம்."

அதுதான் இடலீனாவுக்கும் புரியாதது. பிமென்டா பால்காரனைக் கடித்ததில்லை. பொறுக்கி ஒருத்தன் வேலி தாண்டி வந்து முலாம்பழம் திருடினபோதுகூடப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. சம்பந்தியம்மாவின் காலில் மட்டும் என்ன கண்டது?

கன்று போடும் கொட்டகையில் டாக்டர் பெய்ன்ஸ் ஒரு கறுப்புக் கிடாரியின் பின்னால் நின்றிருந்தாள். வலது கை தோள் வரைக்கும் உள்ளே இருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினவள், யாரென்று பார்த்ததும் அலறினாள்.

"அங்கயே நில்லுங்க! மூணு பேர் ஆயிடுச்சு! நாய்ங்கிற வார்த்தை இங்க வரக்கூடாது."

"நாங்க ஒண்ணுமே சொல்லலையே" என்றாள் இடலீனா. "நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொன்னது எச்சரிக்கை. இன்னைக்கு எடுக்கற முடிவுல ஒரு ஜீவனோட பொழப்பு இருக்கு. அதுல யாரும் வந்து குறை சொல்ற மாதிரி வெச்சுக்க மாட்டேன்." கிடாரி முக்கியது. டாக்டர் பல்லைக் கடித்தாள். "வலது முன்னங்கால் மடங்கிக்கிச்சு. கறவை நேரம், ஆள் ஒருத்தனும் வரமாட்டேங்கறான். நான் காலை நிமித்தித் தர்றேன். இழுக்க ஆள் வேணும்."

இடலீனா மாதா கோவில் கவுனின் கையை முழங்கை வரை சுருட்டி, கன்று இழுக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தாள். கோர்னீலியா தன் வெள்ளைக் கால்சட்டையை ஒரு தரம் குனிந்து பார்த்தாள். அப்புறம் அவளும் வந்து சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தாள். ஐந்நூறு மாட்டுக்காரி ஆனாலும் அந்த ஐந்நூறில் பாதியைத் தன் கையாலேயே இழுத்து வெளியே போட்டவள்தான்.

டாக்டர் உள்ளே துழாவினாள். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "வந்துடுச்சு… குளம்பு கையில இருக்கு… ம், கட்டுங்க. அவ முக்கறப்ப மட்டும் இழுங்க. கீழ் பக்கமா."

அந்த நேரம் பார்த்து கடைசி வரிசை மாடுகளை ஓட்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வந்தார் பெல்மீரோ. மனைவியையும் சம்பந்தியையும் ஒரே சங்கிலியில் பார்த்தார்.

"என்ன புள்ள இங்க? நம்ம நா…"

"வாயை மூடு!" என்று மூன்று பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். பல்செட்டு கிளிக்கென்று மூடிக்கொண்டது.

கிடாரி முக்கவில்லை. காத்திருந்தார்கள். சும்மா நிற்க முடியாமல் கோர்னீலியா சொன்னாள்: "இந்த வருஷம் பாதாம் எப்படி?"

"தூசிதான் நல்ல விளைச்சல்" என்றாள் இடலீனா.

"மழை வந்தா அடங்கும்."

"வந்தா."

"இழுங்க!" என்றாள் டாக்டர்.

இழுத்தார்கள். கோர்னீலியா தையல் போட்ட காலை மண்ணில் ஊன்றி வலியில் உறுமினாள். இடலீனாவின் செருப்பு சாணியில் வழுக்கியது. இன்னொரு தரம். மூக்கு தெரிந்தது, நாக்கு தெரிந்தது. மூன்றாவது இழுப்பில் கன்று மொத்தமாகச் சரிந்து வந்து இரண்டு சம்பந்திகளையும் வைக்கோலில் மல்லாத்தி அவர்கள் மேலேயே விழுந்தது.

டாக்டர் அதன் மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்தாள். கன்று தும்மியது.

"கிடாரிக் கன்னு" என்றாள் டாக்டர். மூன்று பேரும் காரணமில்லாமல் சிரித்தார்கள். கோர்னீலியாவின் கால்சட்டை எந்தக் காலத்திலும் வெள்ளையாக இருந்ததாகச் சொல்ல முடியாத நிலையில் இருந்தது.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெல்மீரோ கத்தினார். "கேட்டு! எவ கேட்டைத் திறந்து போட்டது?"

திறந்து போட்டவள் கோர்னீலியா. நொண்டிக்கொண்டு வந்த அவசரத்தில், பண்ணையில் பிறந்த குழந்தைகூடச் செய்யாத தப்பைச் செய்திருந்தாள். ஒரு பெரிய வெள்ளை மாடு திறந்த கேட்டு வழியாக வாய்க்கால் சாலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பாதாம் லாரிகள் ஓடுகின்றன. பெல்மீரோ "ஹோவ்! ஹோவ்!" என்று கத்திக்கொண்டு இரண்டு எட்டு ஓடி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இடலீனா யோசிக்கவில்லை. கழுவாத கையின் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். நீளமாக ஒன்று, பின்னாலேயே குட்டையாக இரண்டு.

போர்பா வீட்டு விசில் அது. திருப்பிக்கொண்டு வா என்று நாய்க்குச் சொல்வது. பெல்மீரோ அப்பாவிடம் கற்றது, இடலீனா பெல்மீரோவிடம் கற்றது, டுல்சே பேச்சு வருவதற்கு முன்னால் கற்றது. அந்த வீட்டில் அது மூச்சு விடுகிற மாதிரி. யார் அடித்தார்கள், எத்தனை தரம் அடித்தார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

நாய் அங்கே இல்லை. ஆனால் வெள்ளை மாட்டுக்கு அது தெரியாதே. சட்டென்று நின்றது. தன் பின்னங்கால் குதியைத் திரும்பிப் பார்த்தது. மெல்லத் திரும்பி வந்தது.

இடலீனா பெருமையோடு திரும்பினாள்.

கோர்னீலியா வைக்கோலில் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கால் தரையிலிருந்து தானாக மேலே எழும்பியிருந்தது. அந்த மாடு பார்த்த மாதிரியே அவளும் தன் குதிகாலைப் பார்த்தாள். அப்புறம் இடலீனாவைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம்…" என்று ஆரம்பித்தாள்.

"கோர்னீலியா!" டாக்டர் கையைத் தூக்கினாள். "மூணு பேர்!"

கோர்னீலியா தூக்கின காலை மெல்லக் கீழே வைத்தாள்.

டாக்டர் தன் வண்டியில் முன்னால் போனாள். பின்னால் சம்பந்திகள் இரண்டு பேரும். இப்போது பேசலாம், சட்டம் தடுக்காது. ஆனால் வரும்போது அத்தனை பேசின கோர்னீலியா போகும்போது ரோட்டை மட்டும் பார்த்தாள். சுத்தமான சீட்டெல்லாம் சாணி. அதைக்கூடச் சொல்லவில்லை.

இடலீனா மனதுக்குள் கணக்குப் போட்டாள். விருந்து அன்றைக்கும் யாரோ இந்த விசிலை அடித்திருக்கிறார்கள். பிமென்டா சொன்ன வேலையைச் செய்திருக்கிறது. சபையில் அதைச் சொன்னால் நாய் பிழைக்கும், ஏவிவிட்ட ஆள் மாட்டிக்கொள்வார். யார் அந்த ஆள்? பெல்மீரோவா? பல்செட்டு போட்ட நாளிலிருந்து அவருக்குக் காற்றுதான் வருகிறது, சத்தம் வருவதில்லை. அதனால்தான் கையைக் காட்டி ஓட்டுகிறார். நானா? நான் அப்போது கறிச்சாறு குண்டானை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த விசில் தெரிந்த மூன்றாவது ஆள் நகத்தைக் கடித்துக்கொண்டு கார் ஓட்டினவள்.

'அடிப்பாவி' என்று நினைத்துக்கொண்டாள் இடலீனா. மாமியாராகப் போகிறவள் மேல் நாயை ஏவிவிட்டாள் என்று சபையில் தெரிந்தால் கல்யாணம் என்ன ஆகும்? தெரியாவிட்டால் நாய் என்ன ஆகும்?

கூட்டம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது. முதலில் வீட்டுக்கு எத்தனை சேவல் வைக்கலாம் என்ற விவகாரம். ஒருவர் மூன்று நிமிஷம் பேசி, மணி அடித்த பிறகும் நிறுத்தாமல், தன் சேவல் ஐந்து மணிக்கு முன்னால் கூவியதே இல்லை என்று சத்தியம் செய்தார். பக்கத்து வீட்டுக்காரி எழுந்து அந்தச் சேவல் மாதிரியே கூவிக் காட்டினாள். மேபல் அதையும் குறிப்பில் எழுதினாள். அப்புறம் கூண்டுச் சாக்கடை அடைப்பு. அப்புறம் பிமென்டா.

கோர்னீலியாவும் இடலீனாவும் மேடையை விட்டு இறங்கி ஊர்க்காரர்களோடு உட்கார்ந்தார்கள். மேடையில் மூன்று பேர். நடுவில் டாக்டர், முழங்கையில் காய்ந்த ரத்தத்தோடு. ஒரு பக்கம் க்ளைட், ஓய்வு பெற்ற தபால்காரர். நாய்க்கடி பட்ட தழும்புகளுக்கு மரியாதை செய்யத்தான் அவரைக் குழுவில் போட்டதாக ஊரில் பேச்சு. இன்னொரு பக்கம் ரோசால்பா. அவளுக்குப் பூனை தவிர வேறு பிராணி கண்ணில் படாது.

இடலீனா மைக் முன்னால் போனாள். கடைசி வரிசையில் டுல்சே டர்க்கின் பக்கத்தில், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் இடலீனாவுக்கு முடிவு தானாக வந்தது.

"நாய் தானாக் கடிக்கலை" என்றாள். "அன்னைக்கு ஒரு விசில் அடிச்சாங்க. திருப்பிக் கொண்டான்னு எங்க வீட்டு விசில். அடிச்சது நான்தான். என்னைத் தண்டிங்க, நாயை விட்டுடுங்க."

சபையில் சலசலப்பு. கோர்னீலியா எழுந்தாள். தன் முறை வரும் வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியை எழுதினவளே அவள்தான். அதை அன்று மறந்தாள்.

"விசில் அடிச்சது நெசம். நானே கேட்டேன். ஆனா இவங்க அடிக்கலை. இவங்க ரெண்டு கையிலயும் குண்டான் இருந்துது. கொதிக்கற குண்டானை வெச்சுக்கிட்டு யாரும் வாயில விரல் வைக்க முடியாது."

"நான்தான்!" என்று, கறவை முடித்து வந்து பின்னால் உட்கார்ந்திருந்த பெல்மீரோ எழுந்தார். நேராக மைக்குக்கு வந்தார். மனைவிக்காகப் பொய் சொல்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "நாந்தான் அடிச்சேன்."

"அடிச்சுக் காட்டுங்க" என்றாள் டாக்டர்.

பெல்மீரோ இரண்டு விரலை வாயில் வைத்து முழு மூச்சையும் விட்டார். ஃபூ என்று காற்று வந்தது. கூடவே பல்செட்டும் வந்து மைக்கில் மோதிக் கணீரென்றது.

சிரிப்பு அடங்குவதற்குள் டர்க் எழுந்துவிட்டான். "நான் அடிச்சேம்மா."

"உக்காருடா" என்றாள் கோர்னீலியா. "உனக்குப் பலூன்கூட ஊத வராது."

டாக்டர் சபையைப் பார்த்தாள். "வேற யாராவது ஒத்துக்கறீங்களா?"

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்றார் க்ளைட் அவசரமாக.

டுல்சே மட்டும் எழவில்லை. கோர்னீலியா கடைசி வரிசையை ஒரு தரம் பார்த்தாள். தொடைக்கடியில் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"யார் அடிச்சாங்கன்னு இந்தச் சபைக்குத் தேவையில்ல" என்றாள் கோர்னீலியா நிதானமாக. "கடி வாங்கினவ நான். ஏவின ஆள் மேல புகார் குடுக்கறதா வேண்டாமாங்கறது என் விஷயம். நாய்க்கு ஒரு வேலை சொன்னாங்க, அது செஞ்சுது. என் வீட்டு நாய்க்கு உக்காரத்தான் தெரியும், சொன்ன வேலையைச் செய்யற ஜீவன் அங்க ஒண்ணுகூடக் கிடையாது. அந்த நாய்க்கு வாய்ப்பூட்டுப் போடச் சொன்னா நான் தலைவியா இருக்கறதுக்கே லாயக்கில்ல."

ரோசால்பா முதலில் கை தூக்கினாள். "விட்டுடலாம். பூனையா இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. பூனை யார் சொன்னாலும் கேக்காது."

எல்லோரும் க்ளைட்டைப் பார்த்தார்கள். அவர் தன் கணுக்காலைத் தடவினார். "என் சர்வீஸ்ல என்னை எத்தனையோ நாய் கடிச்சுது. ஒண்ணுகூட ஒருத்தர் சொல்லிக் கடிச்சதில்ல, எல்லாம் தன் இஷ்டத்துக்குத்தான். சொல்பேச்சு கேட்டுக் கடிச்ச நாயை இன்னைக்குத்தான் பாக்கறேன்." கையைத் தூக்கினார்.

டாக்டரும் தூக்கினாள். ஆலோசனைக் குழு ஆலோசனைதான் சொல்லும். முடிவு பிராணிச் சேவை மேலாளருடையது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மணியைப் பார்த்துவிட்டு, "ஏற்றுக்கொள்கிறேன், உத்தரவில்லாமல் கடிக்கிற நாய் இல்லை இது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கூண்டு அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருந்தது. பிமென்டா வெளியே வந்து முதலில் பெல்மீரோவின் காலை முகர்ந்தது. பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னவோ சொன்னார். நாய்க்கு மட்டும் புரிந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கறவை முடிந்து மாடு திரும்புகிற வெளிச்சம்.

கோர்னீலியா தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "டுல்சே. இங்க வா."

டுல்சே வந்தாள். இடலீனாவும் கூடவே வந்தாள்.

"நீதானே?"

"ஆமா அத்தை."

"என்னை மாடுன்னு நெனச்சியா?"

"இல்ல அத்தை. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனீங்க. போகட்டும்னுதான் இருந்தேன். ஆனா நீங்க நேரா பழைய கொட்டகைப் பக்கம் போனீங்க. கதவு திறந்திருந்துது. உள்ள பாத்துடுவீங்கன்னு பயந்துட்டேன். கை தானா வாய்க்குப் போயிடுச்சு."

"கொட்டகைக்குள்ள என்ன இருக்கு?"

டுல்சே டர்க்கைப் பார்த்தாள். டர்க் வானத்தைப் பார்த்தான்.

"எங்க கொட்டகையில எனக்குத் தெரியாம என்னடி?" என்றாள் இடலீனா.

"அம்மா, நீ கத்தக் கூடாது."

"அப்ப கத்தற மாதிரி ஏதோ இருக்கு" என்றாள் கோர்னீலியா. "சரி, எல்லாரும் வண்டியில ஏறுங்க. இப்பவே போய்ப் பாத்துடலாம்."

யாரும் ஏறவில்லை. டர்க் அலுவலகப் பக்கம் நழுவினான். டுல்சே கேட்டுப் பக்கம் இரண்டடி வைத்தாள். இடலீனா இடுப்பில் கை வைத்து நடுவில் நின்றாள். அவளுக்கு எதிரே கோர்னீலியாவும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆளுக்கொரு திசையில், கேட்டு திறந்திருக்க, பொழுது சாயும் நேரத்தில்.

பிமென்டா நிமிர்ந்து பார்த்தது. பெல்மீரோவை விட்டு விலகி, வயிறு தரையில் உரச, அரைவட்டமாகச் சுற்றி அவர்களுக்குப் பின்னால் போனது. தலையைத் தாழ்த்தியது.

முதலில் ஏறினது கோர்னீலியா. நொண்டுகிற காலோடு அவ்வளவு வேகமாக ஏற முடியும் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் டர்க், டுல்சே, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடலீனா. கதவு சாத்தின பிறகுதான் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தடவை யாரும் விசிலடிக்கவில்லை.